ஆறு இலக்கங்களும் படிக்கப்படாத எச்சரிக்கைகளும்: வெள்ளவத்தையில் பறிபோன ஒரு வட்ஸ்அப் கணக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீடொன்றில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வட்ஸ்அப் கணக்கை அந்நியர் கைப்பற்றி, அவருடைய பெயரிலேயே உறவினரிடமும் பழைய மாணவரிடமும் பணம் பெற்ற நிகழ்வு இங்கு ஆராயப்படுகிறது. அவரை இனங்காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. அவருடைய சம்மதத்துடனேயே இது எழுதப்படுகிறது. இந்த வகை மோசடி கொழும்புக்குப் புதிதல்ல. ஆயினும், கணக்கை மீட்டுக்கொடுக்கும் வேலையின் பொருட்டு அவருடைய கைத்தொலைபேசியை அடி முதல் நுனி வரை பார்க்க நேர்ந்தபோது, தகவல் பெருக்கத்தை ஒரு தொல்லையாகவும் தனியுரிமை இழப்பை வேறொரு தொல்லையாகவும் பிரித்துப் பேசும் வழக்கம் இங்கே பொருந்தவில்லை என்பது தெளிவாயிற்று. பல இடங்களில் அவர் கொடுத்த விவரங்களே செய்திகளாகத் திரும்பி வந்து குவிந்திருந்தன. அந்தக் குவியலின் நெரிசலில்தான் கொடுக்கக் கூடாத ஒன்று கைதவறிக் கொடுபட்டது.

நடந்தது

ஒரு சனிக்கிழமை முற்பகல், காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குப் பணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் ஆசிரியைக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் அவருக்கு நன்கு தெரிந்த பழைய மாணவி, படமும் அவருடையதே. "ரீச்சர், பழைய மாணவர் சங்கத்தின்ர ஸூம் கூட்டம் நாளைக்கு இருக்கு. உங்கட பேரையும் பதிஞ்சிட்டன். உங்கட போனுக்கு ஆறு நம்பர்ல ஒரு கோட் வரும், அதை எனக்கு அனுப்பி விடுங்கோ" என்பது செய்தி. அடுத்த நிமிடத்திலேயே குறுஞ்செய்தியாக ஆறு இலக்கங்கள் வந்தன. ஆசிரியை அவற்றை அப்படியே அனுப்பிவிட்டார்.

அந்த மாணவியின் கணக்கு ஏற்கெனவே இதே வழியில் பறிபோயிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. மோசடிக்காரர் செய்ததில் தொழில்நுட்ப வித்தை எதுவும் இல்லை. தம்முடைய தொலைபேசியில் வட்ஸ்அப்பை நிறுவி, அதில் ஆசிரியையின் இலக்கத்தை இடும்போது, அந்த இலக்கம் உண்மையில் அவருடையதுதானா என்று சரிபார்ப்பதற்காக வட்ஸ்அப் நிறுவனம் அந்த இலக்கத்துக்கே ஒரு குறியீட்டை அனுப்புகிறது. அது கைக்கு வந்தால் கணக்கும் கைக்கு வந்துவிடும். குறியீட்டோடு வரும் குறுஞ்செய்தியிலேயே, இதை எவருடனும் பகிர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஆசிரியைக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் அவருடைய குறுஞ்செய்திப் பெட்டியில் அந்தச் செய்திக்கு மேலும் கீழும் இருந்தவை ஒரு துணிக்கடையின் தள்ளுபடி, ஒரு வீட்டு மனை விற்பனை, கடன் அட்டைச் சலுகை, வெசாக் கால உணவு விடுதி விளம்பரம் ஆகியவை. குறுஞ்செய்தி என்றால் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மிகுதியைப் படிக்காமல் விடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்த எவரும் அதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடன் முன்னர் கற்பித்த ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, காசு வந்து சேர்ந்திட்டுதோ?" என்று கேட்ட பிறகே விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. அவசரமாக ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தேவைப்படுகிறது, வங்கிச் செயலி வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை திருப்பித் தருகிறேன் என்று ஆசிரியையின் பெயரில் பலருக்குச் செய்தி போயிருந்தது. அழைத்தவர் 60,000 ரூபாவும், உறவினர் ஒருவர் 25,000 ரூபாவும் வைப்பிலிட்டிருந்தார்கள். கணக்கின் பெயர் வேறாக இருக்கிறதே என்று உறவினர் கேட்டபோது, அது மருமகனின் நண்பருடைய கணக்கு என்று பதில் வந்திருக்கிறது. வங்கிகளுக்கிடையே பணம் நொடிப்பொழுதில் போய்ச் சேரும் இக்காலத்தில், இவ்வாறான கணக்குக்குப் போன பணம் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே எடுக்கப்பட்டுவிடும். கணக்கின் சொந்தக்காரரும் பல வேளைகளில் சிறு தரகுக்காகத் தம் கணக்கை வாடகைக்கு விட்ட ஒருவராகவே இருப்பார்.

மீட்கும் வழி எளிதாகத்தான் தொடங்கியது. ஆசிரியை தம் தொலைபேசியில் வட்ஸ்அப்பை மீண்டும் பதிவு செய்து, புதிதாக வரும் ஆறு இலக்கங்களை இட்டவுடன் மோசடிக்காரர் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் அதற்கிடையில் அவர் அந்தக் கணக்குக்கு, குறுஞ்செய்திக் குறியீட்டுக்கு மேலதிகமாகக் கேட்கப்படும் இரண்டு படிச் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றை வைத்துவிட்டிருந்தார். அந்த இலக்கம் தெரியாதவர் ஏழு நாட்கள் காத்திருந்தே உள்ளே போகலாம் என்பது வட்ஸ்அப்பின் விதி. ஆகவே அந்த ஏழு நாட்களும் கணக்கு இருவர் கையிலும் இல்லை. நல்ல வேளையாக, பழைய உரையாடல்கள் தொலைபேசியிலேயே சேமிக்கப்படுவதால், இன்னொரு தொலைபேசியில் கணக்கைத் திறந்தவரால் அவற்றைப் படிக்க முடிந்திருக்காது. ஆனால் எந்தெந்தக் குழுக்களில் ஆசிரியை இருக்கிறார், அவற்றில் யார் யாருடைய இலக்கங்கள் உள்ளன என்பதெல்லாம் அந்தச் சில மணித்தியாலங்களில் அவருக்குத் திறந்தே கிடந்தன.

எச்சரிக்கை எங்கே இருந்தது

கணக்கு திரும்பிய பின் முதலில் தேடிப் பார்த்தது ஒன்றை: இந்த மோசடி பற்றி ஆசிரியைக்கு முன்னரே எவரும் சொல்லியிருக்கவில்லையா? சொல்லியிருந்தார்கள். "ஆறு இலக்கக் கோட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை நான்கு குழுக்களில், வெவ்வேறு நாட்களில், ஏறத்தாழ ஒரே வாசகத்தில் வந்திருந்தது. நான்கிலும் அது படிக்கப்படாமலே கிடந்தது. அவற்றுள் ஒன்றுக்கு மேலே, வெறுவயிற்றில் கறிவேப்பிலை உண்பதன் பயன் பற்றிய நீண்ட செய்தியும், கீழே, தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கி கழுவும் திகதியும் இருந்தன.

விழிப்புணர்வு போதாது என்று இத்தகைய நிகழ்வுகளின் பின்னர் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த நிகழ்வில் விழிப்புணர்வுக்குக் குறைவே இருக்கவில்லை. அதை நிறுத்தி வைத்துப் படிப்பதற்கு இடம்தான் இருக்கவில்லை. எச்சரிக்கைச் செய்தியையும் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுவது எச்சரித்தலாகாது என்பது என் கருத்து. அது குவியலில் மேலும் ஒரு பிடியைப் போடும் வேலை.

அந்தத் தொலைபேசியில் 94 குழுக்கள் இருந்தன. அவற்றை அவை தொடங்கிய கால வரிசையில் பார்த்தால் இந்நகரத்தின் அண்மைக்கால வரலாறே தெரிந்தது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர் தொடர்மாடிவாசிகள் பாதுகாப்புக்காகத் தொடங்கிய குழு. 2020 மார்ச் மாத ஊரடங்கின்போது மரக்கறியும் மீனும் வீட்டுக்கு வரவழைக்க வியாபாரிகள் தொடங்கிய குழுக்கள். தடுப்பூசி எங்கே போடுகிறார்கள் என்று அறிவிக்க ஒன்று. 2022இல் காஸ் வந்த கடை, பால்மா உள்ள கடை, மின்வெட்டு அட்டவணை, எரிபொருள் வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு குழுவும் உண்மையான ஒரு தேவைக்காகவே தோன்றியது. தேவை தீர்ந்த பிறகு எதுவும் மூடப்படவில்லை. மரக்கறிக் குழுவில் இப்போது வருவது காணி விளம்பரம். காஸ் குழு அரசியல் காணொளிகளுக்கு இடமாகிவிட்டது. இவற்றுடன் ஊர்ச் சங்கம், கோயில் திருப்பணி, பாடசாலை, கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஹரோவிலும் உள்ள உறவினர், மரண அறிவித்தல்கள் ஆகியவற்றுக்கான குழுக்கள்.

ஒரு குழுவில் 2022இற்குப் பின்னர் 1,024 பேர் வரை இருக்கலாம். முன்னர் அந்த எல்லை 256. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதென்ற கட்டுப்பாடு 2019 ஜனவரியில் உலகெங்கும் வந்தது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்தது. இவை வேகத்தைக் குறைத்தன என்பது உண்மையே. ஆனால் அனுப்பும் ஒன்று ஆயிரம் பேரிடம் போகும்போது, அதுவும் ஒவ்வொருவரும் பல குழுக்களில் இருக்கும்போது, ஒரே செய்தி ஒரே ஆளுக்கு நான்கு தடவை வருவதை இக்கட்டுப்பாடுகள் தடுப்பதில்லை. இதைவிடவும் முக்கியமானது, சாதாரணக் குழுவில் ஒருவருடைய இலக்கம் ஏனைய அனைவருக்கும் தெரியும் என்பது. மரக்கறி வாங்குவதற்காகச் சேர்ந்தவர், முன்பின் தெரியாத சில நூறு பேரிடம் தம் தொலைபேசி இலக்கத்தையும் முகப்புப் படத்தையும் கொடுத்துவிட்டே சேர்கிறார்.

வட்ஸ்அப் இல்லாத ஒரு வாரம்

விதியின் காரணமாக வாய்த்த அந்த ஏழு நாட்களும், திட்டமிட்டுச் செய்திருக்க முடியாத ஒரு பரிசோதனையாக அமைந்தன. கணக்கு திரும்பியதும், அந்த வாரத்தில் எதையெதை அறியாமல் போனோம் என்று அவரே உட்கார்ந்து எழுதிப் பார்த்தார்.

ஓர் உறவினரின் மரணச் செய்தி அன்றே தெரிந்திருந்தது. பருத்தித்துறையிலிருந்து தம்பி அழைத்துச் சொன்னார். ஓய்வூதியம் கணக்கில் விழுந்த செய்தி குறுஞ்செய்தியாகவே வந்தது. மருத்துவரைச் சந்திக்கும் நேரத்தை மருத்துவமனையே அழைத்து உறுதிப்படுத்தியது. தவறிப்போனவை இரண்டு: தொடர்மாடியில் ஒரு நாள் முற்பகல் தண்ணீர் நிற்கும் என்ற அறிவித்தலும், பேத்தி முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டிய காணொளியும். அறிவித்தலை மின்தூக்கியின் கதவில் ஒட்டியும் இருந்தார்கள். அவர் அன்று கீழே இறங்கவில்லை. காணொளியைத் தவறவிட்டதில் மட்டும் அவருக்குக் கவலை இருந்தது. ஆயிரக்கணக்கான மற்றச் செய்திகளுள் அவர் தேடிப் போய்ப் படிக்க விரும்பிய ஒன்றுகூட இருக்கவில்லை.

இதிலிருந்து வட்ஸ்அப் வேண்டாத ஒன்று என்ற முடிவுக்கு வருவது பிழை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கொழும்பில் தனியே வாழும் முதியவருக்கு அந்தப் பச்சைக் குறி வேண்டாத பொருளல்ல. அவருக்கு வேண்டியவை ஏறத்தாழ எட்டு உரையாடல்களில் அடங்கிவிட்டன என்பதே அந்த வாரம் காட்டியது.

விவரங்கள் போன வழிகள்

கணக்கு முடங்கிக் கிடந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் நல்ல தமிழில் அழைத்தார். ஆசிரியையின் முழுப் பெயர், பிறந்த திகதி, காலஞ்சென்ற கணவரின் பெயர் எல்லாவற்றையும் அவரே சொன்னார். நடந்த மோசடி காரணமாகக் கணக்கைப் பாதுகாக்க வேண்டியுள்ளது என்று கூறி, தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் குறியீட்டைக் கேட்டார். ஆசிரியை பேசாமல் இணைப்பைத் துண்டித்தார். இந்த விவரங்களை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று நிறுவ வழியில்லை. ஆனால் எடுக்கக்கூடிய இடங்கள் எவையெவை என்று தேடியதில் கிடைத்தவை, கணக்குப் பறிபோனதைவிடவும் கவலைக்குரியவையாக இருந்தன.

பிறந்த திகதியை எவரும் தேட வேண்டியதில்லை. அது தேசிய அடையாள அட்டை இலக்கத்திலேயே இருக்கிறது. பழைய அட்டையில் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். 1953 பெப்ரவரி 3ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் அட்டை 53534 என்று தொடங்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க முறையிலும், பிறந்த திகதியைப் பொறுத்தவரை, ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டதே தவிர வேறுபாடில்லை. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு, அதன் பின் பிறந்த திகதியையும் கேட்டு ஆளை உறுதிப்படுத்தும் நிறுவனங்கள் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கின்றன.

அந்த இலக்கம் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது? தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் காவலரின் மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, எந்த வீட்டுக்கு, வந்த நேரம், போன நேரம் என்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். எழுத வருபவர் தமக்கு மேலேயுள்ள இருபது பேரின் விவரங்களையும் பார்த்தபடியே எழுதுகிறார். குடியிருப்பவர்களும், திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, அதே கொப்பியில் ஒப்பமிடுகிறார்கள். ஒரு பக்கத்தைப் படம் பிடிக்க ஒரு நொடி போதும்.

அடுத்தது, ஒழுங்கை முகப்பிலுள்ள கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி எடுக்கவோ படிவம் அச்சிடவோ போகும் எல்லோரும் ஆவணங்களைக் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்புகிறார்கள். ஆசிரியைக்கும் அந்தக் கடைக்குமான உரையாடலை மேலே தள்ளிக்கொண்டு போனபோது, அவருடைய அடையாள அட்டையின் இரு புறமும், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கமும், கணவரின் மரணச் சான்றிதழும், விடுமுறைக்கு வந்திருந்த பேரனின் கடவுச்சீட்டும் வரிசையாக இருந்தன. கடைக்குச் சென்று கேட்டபோது அங்கிருந்த இளைஞர் தயங்காமல் கணினியைத் திருப்பிக் காட்டினார். பதிவிறக்கக் கோப்புறையில் அடையாள அட்டைகள், காணி உறுதிகள், பரீட்சைப் பெறுபேறுகள், மருந்துத் துண்டுகள் என்று முகமறியாத பலரின் வாழ்க்கை திகதி வரிசையில் கிடந்தது. ஆசிரியையின் கோப்புகளைத் தேடியெடுத்து அவர் முன்னாலேயே அழித்துவிட்டு, "அழிக்கச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கேல்லை, ரீச்சர்" என்றார். அவர் சொன்னதில் கள்ளம் எதுவும் இல்லை. அந்தக் கணினியை இரவில் யார் பாவிக்கிறார்கள், பழுதானால் எங்கே திருத்தக் கொடுக்கிறார்கள் என்று கேட்டபோது அவரிடம் பதிலும் இல்லை.

மூன்றாவது இடம் நம்மவர்க்கே உரியது. கணவர் காலமானபோது பிள்ளைகள் இணையத்தில் வெளியிட்ட மரண அறிவித்தல் இன்னும் அங்கே இருக்கிறது. பிறந்த ஊர், வாழ்ந்த இடம், பெற்றோர், மாமன் மாமி, மனைவி, பிள்ளைகள் இருக்கும் நாடுகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், கடைசியில் நாட்டுக் கொடியுடன் ஒவ்வொருவருடைய தொலைபேசி இலக்கம். துக்கம் கேட்க வேண்டியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவித்தல் இல்லை. சிதறிப்போன ஒரு சமூகத்துக்கு அது கடிதமும் குடும்ப மரமும் ஒருங்கே ஆனது. ஆனால் தாயின் திருமணத்துக்கு முந்திய பெயர் என்ன என்று வங்கிகள் இன்றும் பாதுகாப்புக் கேள்வி கேட்கின்றன. தந்தை பெயரையே முதலெழுத்தாகக் கொள்ளும் வழக்கத்தில், பிள்ளைகளுக்கு அதன் விடை தாய்வழிப் பாட்டனாரின் பெயர்தான். அது அறிவித்தலின் மூன்றாவது வரியில் உள்ளது.

இவற்றுக்கு மேல் சில்லறை வழிகள் பல: பல்பொருள் அங்காடியின் காசாளரிடம் புள்ளிகளுக்காக உரத்துச் சொல்லும் தொலைபேசி இலக்கம், அதிர்ஷ்டச் சீட்டிழுப்புத் துண்டு, தொலைபேசியின் முழுத் தொடர்புப் பட்டியலையும் பார்க்க அனுமதி கேட்டு வாங்கிய செயலிகள். அவருடைய தொலைபேசியில், இணைய முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் இலவச வீபிஎன் செயலி ஒன்றும் இருந்தது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது, கைக்குக் கிடைத்த ஏதோவொரு வீபிஎன்னை நாட்டில் மிகப் பலர் நிறுவினார்கள். முடக்கம் நீங்கியது, செயலி நீங்கவில்லை. அது இயங்கும்போது இணையப் போக்குவரத்து முழுவதும், யாரென்றே தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினி வழியாகப் போய்வருகிறது.

கேட்டவுடன் கொடுக்கும் பழக்கம்

காவலர் கேட்டாலும் கடைக்காரர் கேட்டாலும் அடையாள அட்டையை ஏன் எடுத்து நீட்டுகிறோம்? அறியாமை என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். ஆனால் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு அதற்கு வேறொரு காரணம் உண்டு. போர்க் காலத்தில் அட்டையை எடுக்காமல் வெளியே போக முடியாது. வீட்டில் தங்கியிருப்போரின் விவரத்தைப் பொலிஸில் பதிந்து, அந்தத் தாளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். இரவில் கதவு தட்டப்பட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர், அங்கே தங்கியிருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. விவரத்தைக் கொடுக்கத் தயங்குவதே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும் காலத்தில் வளர்ந்த கை, இன்று ஒரு கடை வாசலிலும் தானாகவே பணப்பைக்குப் போகிறது.

ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் பாதிதான் ஒத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எவரிடம் கொடுக்கிறோம் என்றாவது தெரிந்திருந்தது என்பது அவருடைய பதில். அதுவும் சரியே.

செய்யப்பட்டவை

முதலில் வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பு வைக்கப்பட்டது. அதன் ஆறு இலக்கம் மறந்துவிட்டால் மீட்பதற்கு மின்னஞ்சல் முகவரியும் சேர்க்கப்பட்டது. இது முன்னரே இருந்திருந்தால், குறுஞ்செய்திக் குறியீட்டை அனுப்பியிருந்தாலும் கணக்குப் பறிபோயிருக்காது. செய்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. ஆசிரியையைப் போன்றவர்களுக்கு நெருங்கியவர்கள் இதைப் படித்தால் மிகுதியை விட்டுவிட்டு முதலில் இதைச் செய்யலாம்.

அதன்பின், தம்மைக் குழுவில் சேர்க்கக்கூடியவர் யார் என்ற அமைப்பு, தொடர்புப் பட்டியலில் உள்ளோர் மட்டும் என்று மாற்றப்பட்டது. குழுக்களை விட்டு விலகும் வேலையே கடினமாக இருந்தது, அதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. கோயில் திருப்பணிக் குழுவிலிருந்து விலகினால் கோபம் என்று நினைப்பார்கள். ஊர்ச் சங்கத்திலிருந்து விலகினால் சந்தாவுக்குப் பயந்துவிட்டார் என்பார்கள். 2022 முதல், விலகும் அறிவித்தல் குழு நிர்வாகிக்கு மட்டுமே போகும் என்று சொன்னபோது, "அந்த நிர்வாகிதானே என்ர மச்சாள்" என்றார் ஆசிரியை. ஆகவே ஒரு சமரசம் செய்துகொள்ளப்பட்டது: தேவை தீர்ந்த குழுக்களிலிருந்து விலகல், மரியாதைக்காக இருக்க வேண்டியவற்றை நிரந்தரமாக ஒலியடக்கி, முகப்பில் தெரியாதபடி ஒதுக்கும் ஆவணப் (ஆர்கைவ்) பகுதிக்குள் அனுப்புதல், பிள்ளைகள், சகோதரர், தொடர்மாடி அறிவித்தல், நெருங்கிய தோழியர் ஆகியோரின் உரையாடல்களை மட்டும் முகப்பில் வைத்தல். ஆவணப் பகுதியை ஞாயிறு மாலை ஒரு தடவை பார்ப்பது என்றும் தீர்மானித்தார். இதுவரை ஓரிரு ஞாயிறுகளில்தான் பார்த்திருக்கிறார் போலும்.

வீபிஎன் செயலி நீக்கப்பட்டது. தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் பார்க்க அனுமதி பெற்றிருந்த செயலிகளின் அனுமதிகள் திரும்பப் பெறப்பட்டன. குறுஞ்செய்தி விளம்பரங்களில், நிறுத்தும் வழி குறிப்பிடப்பட்டிருந்தவற்றுக்கு அவ்வாறே செய்யப்பட்டது; சில நின்றன, சில நிற்கவில்லை. மரண அறிவித்தலை நீக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தொலைபேசி இலக்கங்களை மட்டும் எடுத்துவிடுமாறு கேட்பதற்குப் பிள்ளைகள் உடன்பட்டார்கள். கடைக்கு ஆவணம் அனுப்புவதற்குப் பதிலாக, சிறு யூஎஸ்பியில் கொண்டுபோய் அச்சிட்ட பின் கையோடு கொண்டுவருவது என்று முடிவாயிற்று. அதனால் அந்தக் கணினியின் வைரஸ் வீட்டுக்கு வரக்கூடும் என்பதால், அந்த யூஎஸ்பி அதற்கு மட்டுமே.

பொலிஸில் முறைப்பாடு செய்யப்பட்டது. இத்தகைய செயல்கள் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படக்கூடியவை. இலங்கைக் கணினி அவசர தயார்நிலை அணியான சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கப்பட்டது. பணம் போட்ட இருவரும் தத்தம் வங்கிகளில் தனித்தனியே எழுத்து மூலம் முறையிட வேண்டியிருந்தது. பணத்தை இழந்தவர்கள் அவர்களே ஆகையால் ஆசிரியையின் முறைப்பாடு மட்டும் போதாது என்று கூறப்பட்டது.

சட்டமும் தொடர்மாடிக் கொப்பியும்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச் 19ஆம் திகதி சான்றுரைப்படுத்தப்பட்டது. குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்குத் தேவையான அளவே விவரம் பெறப்பட வேண்டும், தேவை முடிந்த பின் வைத்திருக்கலாகாது, ஒருவர் தம்மைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம், விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும் என்பன அதில் உள்ளன. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் அது பிற்போடப்பட்டு, சட்டத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. காகிதத்தில் உள்ள உரிமையைக் கொண்டு குறுஞ்செய்தி விளம்பரத்தை நிறுத்த ஆசிரியையால் இயலவில்லை.

எனினும் அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி வேறோரிடத்தில் பயன்பட்டது. தொடர்மாடி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு ஆசிரியை அதை எடுத்துச் சென்று, கொப்பியில் அடையாள அட்டை இலக்கத்துக்கான நிரல் எதற்கு என்று கேட்டார். எவருக்கும் தெரியவில்லை, முந்திய காவல் நிறுவனம் போட்ட கோட்டை அடுத்த நிறுவனமும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நீண்ட வாதத்தின் பின், வருகிறவர் பெயரையும் போகும் வீட்டையும் மட்டும் எழுதுவதென்றும், காவலர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதென்றும், வீட்டிலுள்ளவரை உள்ளகத் தொலைபேசியில் கேட்டே மேலே அனுப்புவதென்றும் தீர்மானம் நிறைவேறியது.

பழைய கொப்பிகள் பற்றி முடிவு எட்டப்படவில்லை. மின்மானி அறையில் அவை கட்டுக் கட்டாக இருக்கின்றன. எரித்துவிட வேண்டும் என்கிறார் ஆசிரியை. பொலிஸார் எப்போதாவது கேட்டால் என்ன செய்வது என்கிறார் செயலாளர். அறைக்குப் பூட்டுப் போடுவது என்ற அளவில் இப்போதைக்கு விடப்பட்டிருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது சேர்க்கப்பட்டுள்ளது. முறைப்பாட்டின் விசாரணை தொடர்கிறது. பணம் போடப்பட்ட கணக்கின் சொந்தக்காரர் அழைக்கப்பட்டதாக இருவருக்கும் அறிவிக்கப்பட்டுள்ளது, 85,000 ரூபாவில் எதுவும் இன்னும் திரும்பவில்லை.